ஆரஞ்சுத் தோலுக்கும் ரப்பர் மரத்துக்கும் என்ன உறவு?

சீனப் புத்தாண்டு முடிந்த வாரத்தில் தங்காக்கில் எந்தக் குப்பைத் தொட்டியைத் திறந்தாலும் மண்டரின் ஆரஞ்சுத் தோல் கிடக்கும். அதில் ஒரு துண்டை எடுத்துக்கொள்ளுங்கள். நன்றாக ஊதிக் கட்டிய பலூனுக்கு அருகே பிடித்து, தோலின் வெளிப்பக்கம் பலூனைப் பார்க்கும்படி இரண்டாக மடித்து அழுத்துங்கள். மெல்லிய சாரல் ஒன்று பறக்கும். ஓரிரு நொடிகளில் பலூன் ‘டப்’பென்று வெடித்துவிடும். ஊசியும் இல்லை, நெருப்பும் இல்லை. (பாதுகாப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு செய்யுங்கள். அந்தச் சாரல் கண்ணில் பட்டால் நன்றாக எரியும்.)

வகுப்பில் இதைச் செய்து காட்டினால் பெரும்பாலும் ஒரே பதில்தான் வரும்: “டீச்சர், ஆரஞ்சில ஆசிட் இருக்கு. அதுதான் ரப்பரை அரிச்சிருச்சு.” கேட்பதற்கு நியாயமாகத்தான் இருக்கிறது. சரியா என்று சோதிப்பதும் சுலபம். பழத்தைப் பிழிந்து சாற்றை இன்னொரு பலூன் மேல் ஊற்றுங்கள். ஒன்றும் ஆகாது. ஆரஞ்சைவிடப் புளிப்பான லீமாவ் நீப்பிஸ் சாற்றை ஊற்றுங்கள். அப்போதும் பலூன் அப்படியே இருக்கும். அமிலம் இருப்பது சாற்றில். பலூனை உடைத்ததோ தோலில் இருக்கும் எண்ணெய்.

ஒரே பழத்துக்குள் இப்படி இரண்டு வேறு வேறு பொருள்கள் இருக்கின்றன. ஒன்று செய்யும் வேலையை மற்றொன்று செய்யாது. இதைப் பிரித்துப் பார்க்காததால்தான், வீட்டைத் துப்புரவு செய்ய ஆரஞ்சுத் தோலை ஊறவைப்பவர்களில் பலர் ஏமாந்துபோகிறார்கள். சிலர் ஆபத்திலும் மாட்டிக்கொள்கிறார்கள்.

தோலுக்குள் ஓர் எண்ணெய்க் கிடங்கு

ஆரஞ்சுத் தோலை வெளிச்சத்தில் உற்றுப் பாருங்கள். குண்டூசித் தலை அளவில் புள்ளி புள்ளியாகத் தெரியும். ஒவ்வொன்றும் ஓர் எண்ணெய்ச் சுரப்பி. தோலை மடிக்கும்போது உள்ளே அழுத்தம் ஏறி, மேல்தோல் கிழிந்து, எண்ணெய் பீய்ச்சியடிக்கிறது. 2018இல் அமெரிக்காவின் மத்திய ஃபுளோரிடா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இதை அதிவேகக் கேமராவில் படம் பிடித்தார்கள். எண்ணெய்த் தாரை விநாடிக்கு 10 மீட்டருக்கும் மேலான வேகத்தில் பாய்கிறது. அந்த வேகத்தை எட்ட அதற்குக் கிடைப்பது ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர் தூரம்தான். இயக்கச் சமன்பாட்டில் இந்த இரண்டு எண்களையும் போட்டுப் பாருங்கள். முடுக்கம் புவியீர்ப்பு முடுக்கத்தைப் போல 5,000 மடங்கு என்று வரும். விண்கலத்தில் கிளம்பும் வீரர்கள் தாங்குவது வெறும் சில மடங்கு.

இனிப்பு ஆரஞ்சின் தோல் எண்ணெயில் 90 விழுக்காட்டுக்கும் மேல் ஒரே ஒரு பொருள்தான்: லிமோனீன். மண்டரின், எலுமிச்சை ஆகியவற்றில் அதன் பங்கு கொஞ்சம் குறைவு. லீமாவ் பூருட்டில் இன்னும் குறைவு. வேறு எண்ணெய்கள் நிறைய கலந்திருப்பதால்தான் அதன் மணம் தனியாகத் தெரிகிறது.

லிமோனீன் மூலக்கூற்றில் 10 கார்பன் அணுக்களும் 16 ஹைட்ரஜன் அணுக்களும் இருக்கின்றன. வேறு எதுவும் இல்லை. அதாவது அது ஒரு ஹைட்ரோகார்பன்; பெட்ரோல், மண்ணெண்ணெய் ஆகியவற்றின் தூரத்துச் சொந்தம். 176 பாகை செல்சியஸில் கொதிக்கும். ஒரு மில்லிலிட்டரின் எடை 0.84 கிராம் என்பதால் தண்ணீரில் மிதக்கும். தண்ணீரில் கரையுமா என்றால், ஒரு லிட்டருக்கு ஏறத்தாழ 14 மில்லிகிராம். கரையாது என்றே சொல்லிவிடலாம். இந்தக் கடைசி எண்ணை மறக்காதீர்கள், கொஞ்ச நேரத்தில் தேவைப்படும்.

ஒரே செங்கல்லில் கட்டிய இரண்டு வீடுகள்

இனி நம் ஊர்ப் பக்கம் வருவோம். தங்காக் என்றதும் இன்று பலருக்கும் துணிக்கடைகள் நினைவுக்கு வரும். ஆனால் குனோங் லேடாங் அடிவாரத்தைச் சுற்றிலும் இருந்தவை தோட்டங்கள். மலாயாவில் வணிக அடிப்படையில் முதலில் ரப்பர் நட்டவர் தான் சாய் யான் என்ற மலாக்காக்காரர். 1896இல் மலாக்காவின் புக்கிட் லிந்தாங்கில் தொடங்கினார். அடுத்து அவர் பெரிய அளவில் நட்ட இடம் புக்கிட் அசகான். நம் தங்காக்கிலிருந்து மாநில எல்லையைத் தாண்டினால் வரும் அதே அசகான்தான். நம்மில் பலருடைய தாத்தா பாட்டிகள் விடியற்காலையில் பால்மரம் சீவியது இப்படிப்பட்ட தோட்டங்களில்தான்.

அந்த ரப்பர் பாலில் என்ன இருக்கிறது? 1826இல் மைக்கேல் ஃபாரடே ரப்பரைப் பகுத்துப் பார்த்தார். மின்சாரத்தில் பெயர் பெற்ற அதே ஃபாரடேதான். 5 கார்பனுக்கு 8 ஹைட்ரஜன் என்ற விகிதம் அவருக்குக் கிடைத்தது. 1860இல் கிரெவில் வில்லியம்ஸ் என்ற ஆங்கிலேய வேதியியலாளர் ரப்பரைச் சூடேற்றிச் சிதைத்து, வந்த ஆவியைக் குளிர்வித்து, எளிதில் ஆவியாகும் ஒரு திரவத்தைப் பிரித்தெடுத்தார். அதற்கு அவர் வைத்த பெயர் ஐசோபிரீன். படிவம் 5 வேதியியலில் இயற்கை ரப்பரின் ஒருமம் என்று நீங்கள் படிப்பது இதைத்தான். ஆயிரக்கணக்கான ஐசோபிரீன் அலகுகள் சங்கிலியாகக் கோத்துக்கொண்டால் அது ரப்பர்.

இப்போது லிமோனீனின் கணக்கைத் திரும்பிப் பாருங்கள். 10 கார்பன், 16 ஹைட்ரஜன். ஐந்துக்கு எட்டு என்பதன் சரியான இரட்டிப்பு! இரண்டு ஐசோபிரீன் அலகுகள் சேர்ந்து ஒரு வளையமாகச் சுருண்டால் அது லிமோனீன். செங்கல் ஒன்றுதான். ஆரஞ்சு மரம் இரண்டே செங்கல்லில் ஒரு சின்னக் கூடு கட்டுகிறது. ரப்பர் மரம் ஆயிரக்கணக்கான செங்கல்லில் நெடுஞ்சுவர் எழுப்புகிறது. (நுணுக்கமாகச் சொன்னால், மரங்கள் ஐசோபிரீனையே நேரடியாக எடுத்து ஒட்டுவதில்லை. பாஸ்பேட் பகுதி இணைந்த, ஐந்து கார்பன் கொண்ட அதன் நெருங்கிய உறவைத்தான் பயன்படுத்துகின்றன. பல்கலைக்கழகத்துக்குப் போனால் அதை விரிவாகப் படிக்கலாம்.)

இந்த உறவைத் தெளிவாக்கியவர் ஓட்டோ வாலாஹ் என்ற ஜெர்மானியர். அவர் காலத்தில் எலுமிச்சை, கற்பூரம், பைன் மரம் என்று ஒவ்வொரு செடியிலிருந்தும் எடுத்த எண்ணெய்க்கு ஒவ்வொரு பெயர் இருந்தது. பல பெயர்கள் ஒரே பொருளைத்தான் குறித்தன என்பது யாருக்கும் தெரியவில்லை. வாலாஹ் ஆண்டுக்கணக்கில் உட்கார்ந்து அவற்றைப் பிரித்து, ஒப்பிட்டு, குடும்பம் குடும்பமாக அடுக்கினார். 1910ஆம் ஆண்டின் வேதியியல் நோபல் பரிசு அவருக்குக் கிடைத்தது. ரப்பரைச் சூடேற்றும்போது ஐசோபிரீனோடு சேர்ந்து, கொதிநிலை கூடிய இன்னோர் எண்ணெயும் வரும். அதற்கு டைபென்டீன் என்று பெயர். அது வேறொன்றும் இல்லை, லிமோனீன்தான். இடக்கையும் வலக்கையும் கண்ணாடி பிம்பமாக இருப்பதைப் போல லிமோனீனுக்கும் இரண்டு வடிவங்கள் உண்டு. ஆரஞ்சுத் தோலில் இருப்பது பெரும்பாலும் ஒரு ‘கை’ மட்டுமே; டைபென்டீனில் இரண்டும் சரிபாதி. ஆக, ரப்பரைச் சுட்டால் ஆரஞ்சுத் தோலில் இருக்கும் அதே வகைப் பொருள் கிடைக்கும். இதையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். ஜோகூரின் தென்கோடிக்குப் போகும்போது மீண்டும் வரும்.

பலூன் ஏன் வெடித்தது என்பதற்கு இப்போது விடை சொல்லலாம். ‘இனம் இனத்தோடே, வெள்ளாடு தன்னோடே’ என்பார்கள். கரைசல்களுக்கும் அதுதான் விதி. சர்க்கரையும் உப்பும் தண்ணீரோடு சேரும். எண்ணெய்ப் பொருள்கள் எண்ணெயோடு சேரும். லிமோனீன் துளி பலூன் மேல் விழுந்ததும், ரப்பர்ச் சங்கிலிகளுக்கு இடையே நுழைந்து அவற்றை விலக்குகிறது. அந்த இடம் உப்பி, தளர்ந்துவிடும். ஏற்கெனவே இழுபட்டு நிற்கும் மெல்லிய சவ்வு அங்கிருந்து கிழிகிறது. பலூனை அரைகுறையாக ஊதியிருந்தால் பெரும்பாலும் வெடிக்காது. பளபளக்கும் அலுமினியப் பூச்சு பலூனும் வெடிக்காது, அதில் ரப்பரே இல்லை. டயர் மேல் ஆரஞ்சுத் தோலைப் பிழிந்தால்? பயப்படாமல் சைக்கிள் ஓட்டலாம். கந்தகம் சேர்த்து வல்கனைஸ் செய்த ரப்பரில் சங்கிலிகளுக்கு இடையே நிறைய குறுக்குப் பாலங்கள் இருக்கும். அவற்றை லிமோனீனால் பிரிக்க முடியாது.

தோட்டத்தில் ரப்பர் பால் சட்டையில் பட்டுக் காய்ந்தால் கறுத்துப்போகும். எத்தனை சோப்புப் போட்டாலும் போகாது. என் பாட்டி மண்ணெண்ணெயைத் தொட்டுத் தேய்ப்பார். வேதியியல் படிக்காதவர் என்றாலும், எண்ணெய்க் குணமுள்ள கறைக்கு எண்ணெய்க் குணமுள்ள கரைப்பான் வேண்டும் என்பது அவருக்குத் தெரிந்திருந்தது.

எதற்குச் சாறு, எதற்குத் தோல்?

இங்கே ஒரு சின்னச் சோதனை செய்து பார்க்கலாம். பழைய ஒரு சென் நாணயம் ஒன்று, விலைச் சீட்டைப் பிய்த்த பின் பசை ஒட்டிக்கொண்டிருக்கும் கண்ணாடிப் போத்தல் ஒன்று, பாலிஸ்டிரின் பெட்டியின் ஒரு துண்டு ஆகியவற்றை எடுத்துக்கொள்ளுங்கள். மூன்றின் மேலும் ஒரு பக்கம் லீமாவ் சாற்றையும், மறுபக்கம் தோலைப் பிழிந்த எண்ணெயையும் தடவுங்கள்.

நாணயத்தில் சாறு ஜெயிக்கும். செம்பின் மேல் படிந்த ஆக்சைடைச் சிட்ரிக் அமிலம் கரைத்துவிடும். கெண்டியின் அடியில் வெள்ளையாகப் படியும் சுண்ணாம்பு, குளியலறைக் குழாயின் உப்புக்கறை, இரும்புத் துரு எல்லாமே அமிலத்தின் வேலை. பசையிலும் பாலிஸ்டிரினிலும் சாறு தோற்றுப்போகும், எண்ணெய் ஜெயிக்கும். விலைச் சீட்டுகளின் பசையில் பல வகைகள் ரப்பரோடு மரப்பிசினைக் கலந்து செய்தவை. லிமோனீனுக்கு இரண்டுமே சொந்தக்காரர்கள். சூயிங்கம், மெழுகுக் கிரையான், சைக்கிள் சங்கிலியின் கிரீஸ், அழியாத மை என்று சொல்லும் மார்க்கர் கோடு ஆகியவையும் இந்த வரிசையில் சேரும்.

குத்துவிளக்கைத் துலக்க, பிழிந்துபோட்ட எலுமிச்சை மூடிகளைச் சேர்த்து வைக்கும் பழக்கம் நம் வீடுகளில் உண்டு. அதில் ஒரு கெட்டிக்காரத்தனம் இருக்கிறது. விளக்கில் இரண்டு அழுக்குகள்: ஒன்று பித்தளையின் மேல் ஏறிய களிம்பு, மற்றொன்று திரியோரம் கெட்டியாகக் காய்ந்த எண்ணெய்ப் பிசுக்கு. மூடியின் உட்புறம் மிஞ்சிய அமிலம் முதலாவதைப் பார்த்துக்கொள்கிறது; வெளித்தோலின் எண்ணெய் இரண்டாவதை இளக்குகிறது. புளியில் அமிலம் மட்டுமே உண்டு. தேய்த்த பிறகு நன்றாகக் கழுவிவிட வேண்டும், இல்லையென்றால் அமிலம் பித்தளையையே தின்னத் தொடங்கும். வீட்டில் பளிங்குத் தரை இருந்தால் அதன் பக்கமே லீமாவையும் வினிகரையும் கொண்டுபோகாதீர்கள். பளிங்கு என்பது கால்சியம் கார்பனேட். அமிலம் பட்ட இடம் மங்கிப்போகும்.

பாலிஸ்டிரினுக்குத் திரும்புவோம். எண்ணெய் பட்ட இடம் குழிந்து, பிசுபிசுத்துச் சுருங்கும். எரிந்துவிட்டது, ‘ரியாக்ஷன்’ நடந்துவிட்டது என்று பலரும் எழுதுகிறார்கள். இரண்டும் தவறு. அந்த நுரைப் பெட்டியில் ஏறத்தாழ 98 விழுக்காடு வெறும் காற்று. சங்கிலிகள் கரைந்ததும் காற்று வெளியேறி, பெட்டி உட்கார்ந்துவிடுகிறது. லிமோனீனை ஆவியாக்கிப் பிரித்தால் பாலிஸ்டிரின் திரும்பக் கிடைக்கும். அதனால் இது பௌதிக மாற்றம். ஜப்பானின் சோனி நிறுவனம் 1990களில் இதையே ஒரு மறுசுழற்சி முறையாக்கியது. தொலைக்காட்சிப் பெட்டிகளைச் சுற்றி வரும் வெள்ளை நுரையை லிமோனீனில் கரைத்து, பருமனைச் சுருக்கி, ஆலைக்குக் கொண்டுபோய், இரண்டையும் பிரித்தார்கள். அதற்கு ‘ஆரஞ்சு ஆர்-நெட்’ என்று பெயர் வைத்தார்கள்.

அதற்கும் முன்னால் ஆரஞ்சுத் தோல் இன்னொரு பெரிய வேலைக்கு அழைக்கப்பட்டது. மின்னணுத் தகடுகளில் ஈயப்பற்று வைத்த பின் மிஞ்சும் பிசினைக் கழுவ, உலகம் முழுவதும் சிஎஃப்சி-113 என்ற திரவத்தைப் பயன்படுத்தினார்கள். ஓசோன் படலத்தை அரிப்பவற்றில் அதுவும் ஒன்று. 1987இல் மாண்ட்ரியல் ஒப்பந்தம் கையெழுத்தானதும், அதற்கு மாற்று கிடையாது என்று சிலர் புலம்பிக்கொண்டிருந்தார்கள். அடுத்த ஆண்டே அமெரிக்காவின் ஏடி அண்ட் டி நிறுவனமும் பெட்ரோஃபெர்ம் என்ற சிறிய நிறுவனமும் சேர்ந்து, ஆரஞ்சுத் தோலில் இருப்பதைப் போன்ற டெர்பீன்களாலான கரைப்பானை அறிவித்தன. மாற்று கிடையாது என்ற பேச்சு அதோடு அடங்கத் தொடங்கியது. எனக்கு மிகவும் பிடித்த வேதியியல் கதைகளில் இதுவும் ஒன்று.

வினிகர் போத்தலும் ‘என்சைம்’ போத்தலும்

சரி, வீட்டில் நாமே தயாரிக்கலாமா? இரண்டு முறைகள் இங்கே பரவலாக இருக்கின்றன.

முதலாவது, ஆரஞ்சுத் தோலை வினிகரில் இரண்டு வாரம் ஊறவைத்து வடிகட்டுவது. வாசனை அருமையாக இருக்கும். ஆனால் நான் நினைவில் வைக்கச் சொன்ன எண் ஞாபகம் இருக்கிறதா? வினிகரில் 95 விழுக்காடு அளவுக்குத் தண்ணீர்தான். அதில் லிமோனீன் சொற்பமாகத்தான் கரையும். மூக்குக்கு அந்தச் சொற்பமே போதும், கறைக்குப் போதாது. அந்தப் போத்தலில் வேலை செய்வது வினிகரின் அசெட்டிக் அமிலம். குழாயின் சுண்ணாம்புக் கறைக்கு அது நன்றாகவே உதவும். அடுப்படிச் சுவரின் எண்ணெய்ப் பிசுக்கில் தெளித்துவிட்டு ‘வேலை செய்யவில்லையே’ என்று தேய்த்துக்கொண்டிருப்பதில் பயனில்லை. பிசுக்கின் மேல் புதிய தோலின் வெளிப்பக்கத்தை அழுத்தித் தேய்த்து, ஐந்து நிமிடம் விட்டு, பாத்திரம் கழுவும் சோப்பில் துடைத்தால் அதைவிட நன்றாகப் போகும். கடையில் விற்கும் ஆரஞ்சுத் துப்புரவுத் திரவங்களும் இதே தந்திரத்தைத்தான் செய்கின்றன. தண்ணீரோடு சேராத லிமோனீனைச் சோப்பு போன்ற மூலக்கூறுகள் துளித்துளியாகச் சுற்றிப் பிடித்து, தண்ணீரில் மிதக்க விடுகின்றன.

இரண்டாவது, ‘என்சைம்’. தாய்லாந்தைச் சேர்ந்த ரோசுகோன் பூம்பன்வோங் பரப்பிய முறை இது. நம் நாட்டில் பல பள்ளிகளும் குடியிருப்புச் சங்கங்களும் ஆர்வத்தோடு செய்கின்றன. பழத்தோல் 3 பங்கு, பழுப்புச் சீனி 1 பங்கு, தண்ணீர் 10 பங்கு. மூன்று மாதம் மூடி வைக்க வேண்டும். உள்ளே நடப்பதைப் படிவம் 5 மாணவர்கள் ஊகித்துவிடலாம். ஈஸ்ட்டு சீனியை எத்தனாலாகவும் கார்பன் டை ஆக்சைடாகவும் மாற்றும். பிறகு பாக்டீரியாக்கள் எத்தனாலை அசெட்டிக் அமிலமாக்கும். கடைசியில் கிடைப்பதன் பிஎச் அளவு பெரும்பாலும் 4க்குக் கீழே இருக்கும். ஏறக்குறைய, மெதுவாகத் தயாரித்த ஒரு வினிகர். அது கறையைப் போக்கினால் முதல் பாராட்டு அமிலத்துக்கே போக வேண்டும்.

குப்பைக்குப் போகும் தோல் குறைகிறது என்பதால் இந்த முறையை நான் வரவேற்கிறேன். ஆனால் அது வானிலையைக் காப்பாற்றும், ஓசோனை உண்டாக்கும் என்றெல்லாம் பகிரப்படும் செய்திகளை நம்ப வேண்டாம். நொதித்தலே கார்பன் டை ஆக்சைடை வெளியேற்றும் வினைதான். அந்த வாயுவால்தான் ஆபத்தும் வருகிறது. முதல் மாதத்தில் தினமும் மூடியைத் தளர்த்திவிடாவிட்டால் போத்தல் வெடிக்கும். கண்ணாடிப் போத்தலில் செய்யவே செய்யாதீர்கள். பிளாஸ்டிக் போத்தலில், கால்வாசி இடம் விட்டுச் செய்யுங்கள்.

இன்னொன்றைத் தடித்த எழுத்தில் அச்சிடச் சொல்லியிருப்பேன்: வினிகர், என்சைம், லீமாவ் சாறு எதையும் குளோராக்ஸ் போன்ற வெளுப்பானோடு கலக்கக் கூடாது. அமிலமும் வெளுப்பானும் சேர்ந்தால் குளோரின் வாயு வெளியேறும். கதவு மூடிய குளியலறையில் அது உயிருக்கே ஆபத்து.

இயற்கை என்றால் பத்திரமா?

பள்ளி ஆய்வுக்கூடத்தில் தூய லிமோனீன் வாங்கினால் போத்தலின் மேல் சிவப்புக் கட்டங்களைப் பார்க்கலாம். தீச்சுடர், ஆச்சரியக்குறி, செத்த மீனும் பட்ட மரமும். ஆரஞ்சுப் படம் போட்ட துப்புரவுத் திரவத்தைக் கையில் எடுக்கும்போது யாருக்கும் இந்த மீன் நினைவுக்கு வருவதில்லை.

தீச்சுடருக்குக் காரணம், லிமோனீனின் ஆவி 48 பாகை செல்சியஸ் அளவில் தீப்பற்றும். மண்ணெண்ணெய்க்குப் பக்கத்து வீடு. எரியும் அடுப்பின் அருகில் கரைப்பானாகப் பயன்படுத்தக் கூடாது.

ஆச்சரியக்குறிக்குக் காரணம் தோல். இதில் சுவையான ஒரு திருப்பம் இருக்கிறது. புதிய, தூய லிமோனீன் தோலில் ஒவ்வாமையை எளிதில் உண்டாக்குவதில்லை. போத்தலைத் திறந்து வைத்து, காற்றிலுள்ள ஆக்சிஜனோடு அது மெல்ல வினைபுரியும்போது ஹைட்ரோபெராக்சைடுகள் என்ற பொருள்கள் உண்டாகின்றன. ஒவ்வாமையைத் தூண்டுபவை அவைதான். சுவீடனின் தோல்நோய் ஆய்வாளர்கள் இதை 1990களிலிருந்து விரிவாக ஆராய்ந்திருக்கிறார்கள். ஆகவே பழைய, பாதி காலியான போத்தல்தான் புதியதைவிட மோசம். ஐரோப்பாவில் ஷாம்பு, கிரீம் போன்றவற்றில் லிமோனீன் ஒரு சிறு அளவைத் தாண்டினால் அதன் பெயரைத் தனியாக அச்சிட வேண்டும் என்பது சட்டம். இன்று வீட்டுக்குப் போனதும் குளியலறையில் உள்ள போத்தல்களின் பின்பக்கத்தைப் படித்துப் பாருங்கள். லிமோனீன் என்ற சொல்லை எத்தனை போத்தலில் கண்டுபிடிக்கிறீர்கள் என்று பார்ப்போம்.

லீமாவ் நீப்பிஸில் வேறொரு வம்பும் உண்டு. அதன் தோலிலும் சாற்றிலும் உள்ள ஃபியூரனோகூமரின் என்ற பொருள் வெயிலின் புற ஊதாக் கதிரோடு சேர்ந்தால் தோலைப் புண்ணாக்கும். பிறகு கறுப்புத் திட்டு பல வாரம் நிற்கும். நம் நாட்டு வெயிலில், லீமாவ் பிழிந்த கையோடு திடலுக்கு ஓடக் கூடாது. சோப்புப் போட்டுக் கழுவிவிட்டுப் போங்கள். வீட்டில் பூனை இருந்தால் அதன் மேல் ஆரஞ்சு எண்ணெய் படவே கூடாது. பூனையின் உடலால் அதைத் தாங்க முடியாது.

மூன்றாவது கட்டத்தில் இருக்கும் மீனுக்கு வருவோம். லிமோனீன் நீர்வாழ் உயிர்களுக்கு மிகவும் நச்சுத்தன்மை கொண்டது என்று வகைப்படுத்தப்பட்ட பொருள். இதைப் படிக்கும் ஜோகூர் மாணவர்களுக்கு ஓர் ஆற்றின் பெயர் தானாகவே நினைவுக்கு வரலாம்.

2019 மார்ச் மாதம் பாசீர் கூடாங்கில் சுங்கை கிம் கிம் ஆற்றில் யாரோ இரசாயனக் கழிவைக் கொட்டினார்கள். அருகிலிருந்த பள்ளிகளில் மாணவர்கள் மூச்சுத் திணறி, வாந்தி எடுத்து மயங்கினார்கள். ஆயிரக்கணக்கானோர் சிகிச்சை பெற்றார்கள். 111 பள்ளிகள் மூடப்பட்டன. காற்றில் கண்டறியப்பட்ட பொருள்களின் பட்டியல் அப்போது செய்திகளில் வெளிவந்தது. பென்சீன், டொலுவீன், சைலீன், அக்ரோலீன், அக்ரைலோநைட்ரைல் என்று போன அந்தப் பட்டியலில் லிமோனீனும் இருந்தது.

பழத்தோலின் எண்ணெய் அங்கே எப்படி வந்தது? இத்தனை தூரம் கூடவே வந்தவர்கள் சொல்லிவிடுவீர்கள். பழைய டயர்களைப் பதப்படுத்தும் ஆலை ஒன்றோடு தொடர்புடையவர்கள் மீது பின்னர் வழக்குத் தொடுக்கப்பட்டது. டயரைக் காற்றில்லாமல் சூடேற்றி எண்ணெய் எடுக்கும்போது, அதிலுள்ள இயற்கை ரப்பர் சிதைந்து, ஐசோபிரீனும் லிமோனீனும் வரும். 1860இல் கிரெவில் வில்லியம்ஸின் குடுவையில் நடந்ததுதான், ஆலை அளவில். நான் சொல்ல வருவது அந்த மாணவர்களை லிமோனீன்தான் மயங்க வைத்தது என்பது அல்ல. அந்தப் பட்டியலில் அதைவிடக் கொடிய பொருள்கள் பல இருந்தன. ஆனால் இயற்கை, செயற்கை என்று இரண்டு தனிப் பெட்டிகளில் நாம் பிரித்துப் போடும் பொருள்கள், மூலக்கூறு அளவில் ஒரே பெட்டியில்தான் கிடக்கின்றன. ஆரஞ்சு மரத்திலிருந்து வந்ததா, டயரிலிருந்து வந்ததா என்று மீனின் செவுள் கேட்பதில்லை.

எங்கள் ஆய்வுக்கூடத்தில் மிஞ்சிய லிமோனீனைக் கழுவுதொட்டியில் ஊற்றுவதில்லை. மூடியுள்ள கரிமக் கழிவுப் போத்தலில் சேர்க்கிறோம். வீட்டில் கரைப்பான் தொட்ட துணியைச் சுருட்டி மூலையில் போடாமல், வெளியே காற்றில் விரித்துக் காயவைத்த பின் குப்பையில் போடுங்கள். கடையில் வாங்கிய போத்தலின் மேல், திறந்த தேதியை மார்க்கர் பேனாவால் எழுதி வையுங்கள். உள்ளே இருப்பது வழிந்தால் எழுத்தும் கரைந்துபோகும் என்பதால், தேதியை மூடியின் மேல் எழுதுவது நல்லது.